இது ஆ-மானுடையது

எங்கள் கடையில் எந்த இழுப்பறையின் மீதும் பெயர் எழுதி ஒட்டியதில்லை. மொத்தம் அறுநூற்று நாற்பது இழுப்பறைகள். ஜியாயி நகரத்தில் இரும்புச் சாமான் விற்கிற மற்ற கடைகளில் போய்ப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும். என் கணவருக்கு அது தேவைப்படவில்லை. யாராவது உடைந்த குழாய்த் துண்டைக் கொண்டுவந்து "இது மாதிரி ஒண்ணு வேணும்" என்றால், அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார். அதைக் கண்ணால் பார்க்கக்கூட மாட்டார். உள்ளே போய்த் திரும்பும்போது சரியான துண்டு அவர் கையில் இருக்கும்.

ஒலிப்பதிவுக் கருவியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். என் குரல் சன்னமானது. நீங்கள் குடையைப் பற்றித்தான் கேட்டீர்கள், மறக்கவில்லை. ஆனால் கடையில் தொடங்காமல் குடைக்கு வர எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் தூ சியூ-மான். வயது ஐம்பத்தாறு. ஊரில் ஆ-மான் என்றால்தான் தெரியும். லை ஷெங்-யுவானுக்கு நான் இரண்டாவது மனைவி. முதல் மனைவி யா-ஜென் இறந்து பதினேழு வருடம் ஆகிறது. அவள் போன இரண்டாம் வருடம் கல்லாவில் உட்கார ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த இரண்டு வருடத்தில் திருமணம். பதின்மூன்று வருடம் சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்தோம். யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யா-ஜென் தொடக்கப் பள்ளி ஆசிரியை. தேசிய மொழியைச் சொல்லிக்கொடுப்பவள். நானோ சந்தையில் மீன் விற்றவளின் மகள். வாயைத் திறந்தால் ஊர்ப் பேச்சுதான் வரும். ஊர்ப் பேச்சு பேசினேன் என்று எனக்கு ஏழு வயதில் பள்ளியில் கழுத்தில் பலகை மாட்டி வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். அது அந்தக் காலம். அதைச் செய்தது யா-ஜென் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் என்னைவிட ஒரு வயது இளையவள்.

இனி நான் சொல்வது உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் எதையும் 'ஒரு குடை', 'ஒரு கத்தி' என்று மொட்டையாக எண்ணுவதில்லை. ஒன்றுக்கும் பொருளுக்கும் நடுவில் ஓர் எண்ணுச்சொல் வர வேண்டும். தேசிய மொழியில் குடைக்கு 'பா'. கையால் பிடிப்பது என்று பொருள். கத்தி, சாவி, சீப்பு, கத்தரிக்கோல், தேநீர்க் கெண்டி, நாற்காலி, எல்லாம் 'பா'தான். எங்கள் ஊர்ப் பேச்சில் குடைக்கு 'கீ'. குச்சி, கிளை என்று பொருள். யா-ஜென் கையை நினைத்து எண்ணினாள், நாங்கள் குச்சியை நினைத்து எண்ணுகிறோம். இரண்டிலும் குடை குடைதான், மழையில் விரியத்தான் போகிறது.

திருமணமான முதல் மாதம், கல்லாவை மூடிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினோம். மழை பிடித்துக்கொண்டது.

"ஏங்க, மேல இருந்து ஒரு கீ குடை எடுத்துட்டு வாங்க."

எடுத்துவந்தார். என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சிரித்தார். "கீ இல்ல ஆ-மான். பா. மாடியில இருக்குற குடைக்கு பா."

"மாடிக் குடைக்கு ஒரு கணக்கு, கடைக் குடைக்கு ஒரு கணக்கா?"

"யா-ஜென் விடமாட்டா. கீன்னு கேட்டா குடையே கிடைக்காது. ரெண்டு தடவை நனைஞ்சுக்கிட்டே போயிருக்கேன்னா பாத்துக்கோயேன்."

நானும் சிரித்தேன். அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. கீழே கடையில் ஊர்ப் பேச்சு, படி ஏறினால் தேசிய மொழி. மகளோடு அவர் ஒருநாளும் ஊர்ப் பேச்சு பேசியதில்லை. செத்துப்போனவள் வீட்டில் இல்லை, ஆனால் அந்த வீட்டில் குடையை எண்ணுவதுகூட அவள் சொன்னபடிதான். கோயிலில் ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், வேறு நல்ல சொல் தேட வேண்டாம்.

அவள் பொருள் எதையும் அவர் தூக்கிப் போட விடவில்லை. கத்தரிக்கோல், மாட்டுக்கொம்புச் சீப்பு, சிவப்பு மண் கெண்டி, மூங்கில் நாற்காலி, விசிறி. பதின்மூன்று வருடம் நான்தான் தூசி தட்டினேன். நான் வாங்கிவந்த பொருள்களும் அதே அலமாரியில் இருந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் தட்டினேன்.

போன வருடம் மார்ச்சில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சளிக் காய்ச்சல் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டுக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை என்ன பண்ணணும்?" என்றார். வைரஸ் மூளைக்குப் போய்விட்டது. இரண்டு காதுக்கும் பக்கத்தில் உள்ள பகுதியை அரித்துவிட்டதாக மருத்துவர் திரையில் காட்டினார். பொருள்களுக்கும் மனிதர்களுக்கும் பெயர் இருக்கிற இடம் அதுதானாம். சமீபத்து வருடங்கள்தான் முதலில் போகும், பழசு நிற்கும் என்றார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் இருந்தது முழுக்க சமீபத்தில்தான்.

இருபத்திரண்டாம் நாள் பேச்சுப் பயிற்சியாளர் ஜுவாங் ஒரு தட்டு நிறையப் பொருள்களோடு வந்தாள். வாழைப்பழத்தைக் காட்டினாள், அவருக்குத் தெரியவில்லை. பூனைப் படத்துக்கு "ஏதோ மிருகம்" என்றார். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தாள். பெயர் வரவில்லை. ஆனால் விரல்கள் தானாக வளையத்துக்குள் நுழைந்தன. "ஒரு பா... ஒரு பா..." என்று திணறினார். பிறகு முகம் தெளிந்தது. "யா-ஜென் துணி வெட்டுறது. எடுத்த இடத்துல வைக்கலைன்னா திட்டுவா."

ஜுவாங் என்னைப் பார்த்து மகிழ்ச்சியோடு தலையாட்டினாள். பெயர்ச்சொல் போன பிறகும் எண்ணுச்சொல் நிற்கிறது, கை நினைவு கெடவில்லை, அதை வைத்து நிறைய மீட்கலாம் என்றாள். நான் கட்டில் பக்கம் குனிந்தேன்.

"நான் யாருன்னு சொல்லுங்க."

நன்றாகப் பார்த்தார். மரியாதையாகச் சொன்னார். "நர்ஸம்மா."

அன்று நான் அழவில்லை. கீழே போய் வான்கோழிச் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன் என்று ஞாபகம்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஜுவாங் எனக்குப் பயிற்சி முறை சொல்லிக்கொடுத்தாள். நல்ல பெண், பொறுமைசாலி. அவள் மேல் ஒரு தவறும் இல்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

"இவரை யோசிச்சுச் சொல்லுங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க, ஆ-மான் அக்கா," என்றாள். "யோசிச்சா தப்பாச் சொல்லுவாரு. சொன்ன தப்பு அப்படியே தங்கிடும். இவருக்கு இப்ப தப்பும் சரியும் ஒண்ணுதான். எது முதல்ல உள்ள போகுதோ அதுதான் நிக்கும். அதனால பதிலை நீங்களே முதல்ல சொல்லிடணும். அவரு பொருளைப் பிடிச்சுக்கிட்டே திருப்பிச் சொல்லணும். ஒரு நிமிஷம் விட்டுக் கேளுங்க. அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலு, எட்டு."

"பழைய ஞாபகம் தப்பா இருந்தா?"

"ஞாபகத்தை வெளிய எடுக்குறப்ப அது கொஞ்ச நேரம் ஈரமாயிடும். காயறதுக்குள்ள எது பட்டாலும் தடம் விழும். அதனால அந்த நேரத்துல கவனமா இருங்க."

சிமெண்ட் விற்கிறவளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று வாரம் நேர்மையாகத்தான் செய்தேன். பல் துலக்கும் பிரஷ், சாவி, கிண்ணம், செருப்பு. காலையில் பத்து, சாயங்காலம் பத்து. அவர் நல்ல மாணவர். நான்காவது வாரம் கத்தரிக்கோலுக்கு வந்தோம். கையில் வாங்கியதும் முகம் மலர்ந்தது. எனக்காக அந்த முகம் மலர்ந்து எத்தனை நாளாயிற்று என்று உங்களால் ஊகிக்க முடியும்.

"இது யா-ஜென்..." என்று ஆரம்பித்தார்.

"இது ஆ-மானுடையது," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜுவாங் சொன்னபடி நிதானமாக, புன்னகையோடு இன்னொரு முறை சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். ஒரு நிமிடம் விட்டுக் கேட்டேன். இரண்டு, நான்கு, எட்டு. ஐந்தாம் நாள் காலையில் கத்தரிக்கோலைக் கொடுத்ததும் யாரும் கேட்காமலே "இது ஆ-மானுடையது" என்றார். என் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டு நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தது.

நான் எதையும் திருடவில்லை. அவள் பொருள் ஒன்றும் குறையாமல் அந்த அலமாரியில் அப்படியே இருந்தது. அவள் பெயர் மட்டும் நகர்ந்தது. செத்தவளுக்கு அதனால் என்ன நஷ்டம்? அடுத்து சீப்பு. பிறகு கெண்டி. நாற்காலிக்கு ஒன்பது நாள் பிடித்தது, அதில் அவள் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாளாம். கோடை முடிவதற்குள் பதினொரு பொருள்கள் என் பெயருக்கு வந்துவிட்டன.

எதிர்க்கடை சோற்றுக்காரி தினமும் வம்புக்கு இழுப்பாள். "என்ன ஆ-மான், வீட்டுக்காரருக்கு உன்னைத் தெரிஞ்சுடுச்சா, இல்ல இன்னும் நர்ஸம்மாதானா? சம்பளமாவது கேட்டு வாங்கு." முன்பெல்லாம் குனிந்த தலையோடு போய்விடுவேன். அந்தக் கோடையில் நின்று பதில் சொன்னேன். "என் பேரைச் சொல்றாரு. வேணும்னா மேல வந்து கேளு."

ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் இல்லாவிட்டால் எல்லாம் அதோடு நின்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நிங்-நிங் வருவாள். யா-ஜென்னின் மகள், இருபத்தொன்பது வயது, சின்ச்சூவில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. காலை அதிவேக ரயிலில் வந்து மாலையில் போவாள். என்னை மான் சித்தி என்று கூப்பிடுவாள். ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. வரும்போது எனக்கு ஏதாவது தின்பண்டம் கொண்டுவருவாள். வெயிலோ மழையோ அவள் கையில் அம்மாவின் பழைய கரும்பச்சைக் குடை இருக்கும். மரப்பிடி. பிடியின் வளைவில் ஒரு சிறிய உடைசல், பள்ளிக்கூடப் படியில் விழுந்தபோது ஏற்பட்டதாம்.

அவருக்கு மகளின் முகமும் போய்விட்டது. குரலும் பிடிபடவில்லை. அவள் அதற்காக மனம் உடைந்து உட்காரவில்லை, அவர் மகள் அல்லவா. எதிரில் மண்டியிட்டுக் குடைப்பிடியை அவர் கையில் வைப்பாள். அவர் விரல் மெதுவாக நகர்ந்து அந்த உடைசலைத் தொடும். தொட்டதும் கண் கலங்கும்.

"இந்த ஒரு பா... இது நம்ம வீட்டுது. நிங்-நிங் வந்துட்டா."

"ஆமாப்பா. நான்தான்."

"அம்மா வரலையா?"

"அம்மா பள்ளிக்கூடத்துல இருக்காங்கப்பா. லேட்டாகும்."

நான் தேநீர்த் தட்டோடு நிற்பேன். "ரொம்ப நன்றி அம்மணி," என்பார் என்னிடம், அழகான தேசிய மொழியில். மகளும் அப்பாவும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அந்த மாடியில் எல்லாருக்கும் இடம் இருந்தது. திங்கள் காலையில் கத்தரிக்கோலைக் கொடுத்தால் "யா-ஜென்" என்பார். ஒரு வார உழைப்பை அந்தக் குடை அரை மணி நேரத்தில் கலைத்துவிட்டுப் போயிருக்கும். செவ்வாய், புதன், வியாழன் நான் மறுபடி ஒவ்வொன்றாக மீட்க வேண்டும். எனக்குச் சலிப்பு என்றால் இன்னதென்று அப்போதுதான் தெரிந்தது.

செப்டம்பரில் அவள் சமையலறைக்கு வந்து என் தோளில் கை வைத்தாள்.

"சித்தி, நீங்க இளைச்சுப் போயிட்டீங்க. அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுப் பக்கத்துலயே நல்ல இடம் ஒண்ணு பாத்திருக்கேன். புது வருஷத்துக்குள்ள மாத்திடலாம். நீங்க கொஞ்சம் உங்க வாழ்க்கையைப் பாருங்க."

கருணையோடுதான் சொன்னாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. புது வருடத்துக்கு இன்னும் நான்கரை மாதம் இருந்தது. அவர் வாயில் என் பெயர் நிற்க வேண்டுமானால் தினமும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சின்ச்சூவுக்குப் போனால் பத்து நாளில் அவரைப் பொறுத்தவரை நான் இந்த உலகத்திலேயே இருந்திருக்க மாட்டேன். "உன் இஷ்டம்மா," என்றேன். வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன், நறுக்கி முடித்தேன்.

அதே வகைக் குடை எங்கள் பரணிலேயே இரண்டு கிடந்தது. முன்பு கடையில் விற்ற சரக்கு. அடுத்த ஞாயிறு அவள் குளியலறைக்குப் போனபோது, சாவிக்கு அச்செடுக்கிற மெழுகை அந்த உடைசலில் அழுத்தி எடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு பரண் குடையில் அரத்தால் அதே உடைசலைச் செதுக்கினேன். புது மரத்தின் கூர்மை தெரியாமல் இருக்க மணல்தாளால் தேய்த்து, மூன்று நாள் தேநீரில் ஊறவைத்து, கையால் எண்ணெய் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தொட்டால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அவர் கையை ஏமாற்றுவது அவ்வளவு எளிது இல்லை என்பதால் பார்த்துப் பார்த்துச் செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

இருபது வருடத்துக்கு முன்பு கடையில் திருடர்கள் புகுந்து அவரை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். வலது காதுக்கு மேலே தழும்பு இருக்கிறது. மற்றதெல்லாம் போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை. கதவு பலமாகச் சாத்தினால் அவர் கை அங்கே போய்விடும். திங்களிலிருந்து சனி வரை, ஒரு கையில் குடைப்பிடியைக் கொடுப்பேன். இன்னொரு கையை எடுத்து அந்தத் தழும்பின் மேல் வைப்பேன்.

"இந்த கீ குடை ஆ-மானுடையது. திருடி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. திருப்பிச் சொல்லுங்க."

"இந்த கீ குடை ஆ-மானுடையது. திருடி எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

"இதை எடுத்துக்கிட்டு வர்றவ யாரு?"

"என்னை அடிச்சவ."

ஒரு நிமிடம். இரண்டு. நான்கு. எட்டு. முதல் வாரம் அவர் உடம்பு நடுங்கியது, நெற்றியைத் துடைத்துவிட்டேன். ஐந்தாவது வாரம் நடுக்கம் நின்று, பிடியைத் தொட்டதும் பல்லைக் கடிக்க ஆரம்பித்தார். இதற்கிடையில் அவளை வரவிடக் கூடாது என்று ஞாயிறுகளைத் தள்ளிப்போட்டேன். அப்பாவுக்குச் சளி, ஜுவாங் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறாள், இப்படி ஏதாவது. அவள் நம்பினாள். தினமும் இரவு எட்டு மணிக்கு "சித்தி சாப்பிட்டீங்களா" என்று செய்தி அனுப்புவாள். சாப்பிட்டேன் என்று பதில் போடுவேன்.

நவம்பர் பதினேழு, ஞாயிறு. வரச் சொன்னேன். காலையில் அவர் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்ததும் மடியில் அவருடைய கருவிப் பெட்டியை வைத்தேன். பழகிய கருவிகளைத் தொட்டுக்கொண்டிருப்பது நல்லது என்று ஜுவாங் சொன்னதுதான். வழக்கமாக அதில் சின்னத் திருப்புளிகளும் அளவு நாடாவும் இருக்கும். அன்று குழாய் முடுக்குகிற பதினான்கு அங்குல இரும்புச் சாவியையும் சேர்த்து வைத்தேன். இந்தக் கேள்வியை நீங்கள் மூன்று முறை வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். ஆமாம், நான்தான் வைத்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன்.

பத்தரை மணிக்கு வந்தாள். எனக்கு அன்னாசிப் பணியாரம் வாங்கிவந்திருந்தாள். நேரே மாடிக்குப் போனாள். நான் தேநீர்த் தட்டோடு படியில் ஏழாவது படிவரை ஏறி நின்றேன். அங்கிருந்து கதவிடுக்கில் பாதி தெரியும். அவள் மண்டியிட்டாள். "அப்பா, இதைப் பிடிங்க. யாரு வந்திருக்கான்னு சொல்லுங்க," என்று குடையை நீட்டினாள்.

அப்போது நான் கூப்பிட்டிருக்கலாம். ஒரு சொல் போதும். கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன, அவற்றை வரிசைப்படுத்தினேன்.

அவர் விரல் உடைசலுக்குப் போனது. "திருடி," என்றார், ஊர்ப் பேச்சில். அந்த மாடியில் அவர் மகளோடு பேசிய முதல் ஊர்ப் பேச்சு அதுதான். "ஆ-மானோட கீ குடையைத் திருடினவ நீதானே." அவள் "அப்பா, நான் நிங்-நிங்" என்று சொல்லி முடிப்பதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. இரண்டாவது விழுந்த பிறகு நான் உள்ளே போய் அவர் கையைப் பிடித்தேன். இடது கண் போய்விட்டது. கன்ன எலும்பு மூன்றாக உடைந்ததாகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸை அழைத்ததும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தெருவே எனக்காகப் பரிதாபப்பட்டது. சோற்றுக்காரி அழுதாள். மூளை கெட்ட மனிதன் செய்ததற்கு யாரைத் தண்டிப்பது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து முதலில் வந்தவர்களும் சொன்னார்கள். இனி மகள் வீட்டுக்கு அவரை அனுப்புவது ஆபத்து என்று மருத்துவரே எழுதிக் கொடுத்தார். வெளியார் யாரும் பார்க்க வரக் கூடாது, மருந்தும் பழகிய ஆளும் போதும் என்றார். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து, பேச முடிந்ததும் நிங்-நிங் ஜுவாங்கைத்தான் கூப்பிட்டாளாம். "என் அப்பா முப்பது வருஷத்துல ஒருநாளும் என்கிட்ட குடையை கீன்னு சொன்னதில்லை. அவருக்குப் பேரெல்லாம் மறந்தப்பக்கூட பான்னுதான் சொன்னாரு. இந்தச் சொல்லு யாரோடது?" ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பவள் கேட்ட கேள்வி. கெட்டிக்காரி. அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

நான் செய்த தவறு அது ஒன்றுதான். அத்தனை நுணுக்கமாகப் பிடியைச் செதுக்கியவள், வாக்கியத்தை என் வாயில் வந்தபடி சொல்லிக்கொடுத்துவிட்டேன். 'பா' என்று சொல்லிக்கொடுத்திருந்தால் நீங்கள் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். நினைவிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் ஒரு பொருளாவது என் கணக்கில் எண்ணப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் போலிருக்கிறது. நான் செதுக்கிய பரண் குடையைத் தூக்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். கடைக்காரிக்கு நல்ல பொருளைத் தூக்கிப் போட மனம் வராது.

கடைசியாக, அவரை எங்கே அனுப்புவது என்று கேட்டீர்கள். நான் உள்ளே போய்விட்டால் அவரைக் காப்பகத்தில் சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். எந்தத் தண்டனையும் கொடுங்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது என்னிடம் அழைத்து வாருங்கள். அவருக்கு வேறு யாரையும் தெரியாது. பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள், பதினொன்றையும் தப்பில்லாமல் ஆ-மானுடையது என்பார். ஒரு தடவைகூடத் தடுமாற மாட்டார்.

நேற்றுக் காலை, நீங்கள் வந்து கதவைத் தட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, யார் காதிலும் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், தேசிய மொழியில்.

"இங்க இருக்குறது எல்லாம் ஆ-மான்னு ஒரு பொம்பளையோடதாம். யாரோ எவளோ, எனக்குத் தெரியலை. ஒருநாள் வந்து கேட்டா நமக்குத்தான் அசிங்கம். எல்லாத்தையும் ஒரு பெட்டியில கட்டிக் குடுத்தனுப்பிடு, யா-ஜென்."

சொல்லிவிட்டு என் கையை விடவே இல்லை. பதின்மூன்று வருடத்தில் அவ்வளவு நேரம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததில்லை. "சரிங்க, குடுத்தனுப்பிடறேன்," என்றேன், நானும் தேசிய மொழியிலேயே. ஒரு பிழையும் வரவில்லை.

அவருக்கு என்னை அடையாளம் தெரிகிறது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.